பிடித்த அணி ஆடும்போது நெஞ்சு படபடக்கிறது: எப்படிச் சமாளிப்பது?

கேள்வி
எழுதியவர்: கடைசி ஓவர்

அனைவருக்கும் வணக்கம். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளாகக் கிரிக்கெட் பார்த்து வருகிறேன். எந்த அணியின் ரசிகை என்பதை இங்கே சொல்லத் தேவையில்லை. எந்த அணியாக இருந்தாலும் என் சிக்கல் இதேதான். எங்கள் அணி களமிறங்கும் நாளில், ஆட்டம் தொடங்க இரண்டு மணி நேரம் இருக்கும்போதே எனக்கு வேலை ஓடுவதில்லை. டாஸ் போடும்போது உள்ளங்கை வியர்த்துவிடுகிறது. இலக்கைத் துரத்தும் இருபது ஓவர் ஆட்டம் என்றால், பதினைந்தாவது ஓவர் தாண்டியதும் வயிற்றைப் பிசையத் தொடங்கி, கடைசி இரண்டு ஓவர்களில் உட்கார முடியாமல் எழுந்து சமையலறைக்குப் போய்விடுகிறேன். அங்கே நின்றுகொண்டு வர்ணனையாளரின் குரல் உயர்கிறதா தாழ்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். என்ன நடந்தது என்று தெரியாமல் நிற்கும் அந்தச் சில நொடிகள், பார்த்துக்கொண்டிருப்பதைவிடக் கொடுமையாக இருக்கின்றன. தோற்றால் அன்றிரவு தூக்கம் போய்விடுகிறது. வென்றாலும் நெடுநேரம் வருவதில்லை.

இதையெல்லாம் என்னோடு போகட்டும் என்று இத்தனை நாள் விட்டிருந்தேன். இப்போது எழுதக் காரணம் என் ஒன்பது வயது மகன். சென்ற ஆட்டத்தின் கடைசி ஓவரில் வழக்கம்போல் எழுந்து போன நான், திரும்பிப் பார்த்தபோது அவனும் கதவருகில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, இரண்டு காதுகளையும் பொத்தியபடி, கண்களை இறுக மூடியிருந்தான். "அம்மா, முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டான். ஆட்டத்தை ரசிக்க வேண்டிய வயதில் அதற்குப் பயப்பட அவன் என்னிடமிருந்துதான் கற்றுக்கொண்டிருக்கிறான். அணி நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போது யாரும் இடம் மாறக்கூடாது என்று சொல்லி, தண்ணீர் குடிக்க எழுந்தவனை நான் அதட்டி உட்கார வைத்ததும் உண்டு. அதை நினைத்தால் இப்போது வருத்தமாக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். என் தந்தையும் எங்களோடு அமர்ந்து பார்ப்பார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். விக்கெட் விழும் நேரங்களில் அவர் நெஞ்சைத் தடவிக்கொள்கிறார். கேட்டால் "வெறும் பதற்றம்தான்" என்கிறார்.

பார்ப்பதை விட்டுவிடுங்கள் என்ற பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. மூன்று தலைமுறையாக ஒரே அறையில் உட்கார்ந்து நாங்கள் சேர்ந்து செய்வது இது ஒன்றுதான். அதை இழக்காமல் இந்தப் பதற்றத்தைக் குறைத்துக்கொள்ள வழி கண்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

பதில் 1
எழுதியவர்: இரவுப்பணிச் செவிலியர்

சகோதரி, உங்கள் தந்தையைப் பற்றி முதலில் பேசிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியில் அவசரமானது அதுதான். ஸ்டென்ட் வைத்த ஒருவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு பதற்றம் என்று சொன்னால், அது பதற்றம்தானா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். அடுத்த ஆட்டத்துக்கு முன்பாகவே அவரை அழைத்துச் சென்று, "ஆட்டம் பார்க்கும்போது இப்படிச் செய்கிறார்" என்று அப்படியே சொல்லுங்கள். ஆட்டத்தின் நடுவே அவருக்கு நெஞ்சில் அழுத்தம், இடது கையிலோ தாடையிலோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும், எத்தனை பந்துகள் மீதமிருந்தாலும் உடனே ஆம்புலன்ஸை அழைத்துவிடுங்கள். ஆட்டம் முடியட்டும் என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் வலியைப் பொறுத்துக்கொண்டு வந்த ஒருவரை நான் பணியில் இருந்த இரவில் பார்த்திருக்கிறேன். பிழைத்துவிட்டார், ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் அவருடைய இதயத் தசை இழந்தது திரும்பி வரவில்லை.

இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 2006-ஆம் ஆண்டு ஜெர்மனியில் உலகக் கோப்பைக் கால்பந்து நடந்தபோது, மியூனிக் நகரிலும் சுற்றுப்புறத்திலும் ஏற்பட்ட இதய அவசரநிலைகளை மருத்துவர்கள் கணக்கெடுத்தார்கள். ஜெர்மனி அணி ஆடிய நாள்களில் அவை வழக்கத்தைப்போல் 2.66 மடங்காக இருந்தன. ஆட்டம் தொடங்கிய முதல் இரண்டு மணி நேரத்தில்தான் மிகுதியாக நேர்ந்தன. ஏற்கெனவே இதய நோய் இருந்தவர்களுக்கே ஆபத்து கூடுதலாக இருந்தது என்பதையும் அந்த ஆய்வு காட்டியது. இதயம் நலமாக உள்ளவர்கள் இதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. உங்கள் தந்தை அன்றைய மாத்திரைகளை நேரம் தவறாமல் எடுத்துக்கொண்டாரா என்பதை மட்டும் ஆட்டத்துக்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்டப் பரபரப்பில் மாத்திரை மறந்துபோவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

இனி உங்களுக்கு. வியர்க்கும் உள்ளங்கையும் பிசையும் வயிறும் பலவீனத்தின் அடையாளங்கள் அல்ல. ஓடவோ போராடவோ வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று எண்ணி உடல் அட்ரினலினைச் சுரக்கிறது, குருதியைக் குடலிலிருந்து தசைகளுக்குத் திருப்பி விடுகிறது. களத்தில் நிற்கும் ஆட்டக்காரருக்கும் இதேதான் நடக்கிறது. ஆனால் அவர் ஓடுகிறார், பந்தைத் தடுக்கிறார், வீசுகிறார். நீங்களோ அவ்வளவு ஆயத்தத்தையும் வைத்துக்கொண்டு நாற்காலியில் அசையாமல் இருக்கிறீர்கள். கனடாவில் ஐஸ் ஹாக்கி ரசிகர்கள் இருபது பேரின் நாடித் துடிப்பை அளந்து 2017-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கே துடிப்பு சராசரியாக 75 விழுக்காடு உயர்ந்தது. அரங்கில் நேரில் பார்த்தவர்களுக்கு 110 விழுக்காடு. நீங்கள் சமையலறைக்கு எழுந்து போவது கோழைத்தனம் அல்ல, உடல் கேட்கும் அசைவு அது. ஆகவே எழுந்து நடப்பதை நிறுத்த வேண்டாம். அறைக்குள்ளேயே, திரை தெரியும்படி நடந்துகொண்டே பாருங்கள்.

கிரிக்கெட்டில் நமக்கு ஒரு வசதி உண்டு. பந்துவீச்சாளர் தம் குறிக்குத் திரும்பி நடக்கும் நேரத்தில் இரண்டு மூன்று முறை நன்றாக மூச்சுவிட முடியும். மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயம் சற்று விரைந்து துடிக்கும், வெளியே விடும்போது சற்றுத் தணியும் என்பது உடலின் இயல்பு. எனவே நான்கு எண்ணும் வரை இழுத்து, எட்டு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். கடைசி ஓவரில் தொடங்கினால் பயன் இருக்காது. முதல் ஓவரிலிருந்தே பழக வேண்டும். அன்று மாலைக் காபியையும் விட்டுவிடுங்கள், ஏற்கெனவே வேகமாக ஓடும் நெஞ்சுக்கு அது உதவாது.

ஆட்டம் இல்லாத நாள்களிலும் இதே படபடப்பு வந்தாலோ, தூக்கமின்மை பல நாள்கள் நீடித்தாலோ, நீங்களும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பதில் 2
எழுதியவர்: மறுநாள் காலை

விட்டுவிடச் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஓராண்டு விட்டுப் பார்த்தவன் என்பதால், அதில் கிடைத்ததையும் இழந்ததையும் மட்டும் சொல்கிறேன்.

எனக்கும் உங்கள் நிலைதான். என் அணியின் எந்த ஆட்டத்தையும் நேரலையில் பார்ப்பதில்லை என்று முடிவு செய்து, மறுநாள் காலையில் முடிவைத் தெரிந்துகொண்ட பிறகு முழு ஆட்டத்தையும் பார்த்தேன். முதல் சில ஆட்டங்களில் எனக்குப் பெரும் விடுதலையாக இருந்தது. பதற்றம் இல்லாதபோது ஆட்டத்தில் எவ்வளவு இருக்கிறது என்பது கண்ணில் பட்டது: களத்தடுப்பை அணித்தலைவர் எப்படி மாற்றுகிறார், மட்டையாளர் கால் நகர்த்துவதில் எங்கே தயங்குகிறார் என்பதையெல்லாம் இருபது ஆண்டுகளில் முதன்முறையாகக் கவனித்தேன். ஆனால் நாளாக நாளாக, தோற்ற ஆட்டங்களைப் போட்டுப் பார்க்கவே மனம் வரவில்லை. வென்ற ஆட்டங்களிலும் கடைசிப் பந்தில் எனக்குள் ஒன்றும் எழவில்லை. அலுவலகத்தில் எல்லோரும் முந்தைய இரவைப் பற்றிப் பேசும்போது, அங்கே இல்லாத ஒருவனாக உட்கார்ந்திருந்தேன். பயத்தையும் மகிழ்ச்சியையும் தனித்தனியாகப் பிரித்து எடுக்க முடியும் என்று நான் எண்ணியது தவறு.

இப்போது நேரலைக்குத் திரும்பிவிட்டேன், சில மாற்றங்களோடு. இணையவழி நேரலை, நிகழ்வுக்குப் பல நொடிகள், சில சமயம் அரை நிமிடத்துக்கும் மேல், பின்தங்கி வரும். அந்த இடைவெளியில் கைப்பேசியில் வாட்ஸ்அப் குழுவின் செய்தி ஒலித்தால், நல்லதா கெட்டதா என்று தெரியாமலே மனம் பதறும். பக்கத்து வீட்டுக் கூச்சலும் அப்படித்தான். அதனால் கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிடுகிறேன். திரையின் ஓரத்தில் வெற்றி வாய்ப்பு இத்தனை விழுக்காடு என்று காட்டும் எண்ணை ஒரு துண்டு அட்டையால் மறைத்துவிட்டேன். ஒவ்வொரு பந்துக்கும் ஏறி இறங்கும் அந்த எண்தான் என்னை அதிகம் வதைத்தது என்பது மறைத்த பிறகே புரிந்தது.

தோற்ற இரவுகளுக்கு ஒரு வழிமுறை வைத்திருக்கிறேன். ஆட்டம் முடிந்ததும் அரை மணி நேரம் வெளியே நடப்பேன். அன்றிரவு எந்த அலசலையும் படிப்பதில்லை, எந்த விவாதத்திலும் கலந்துகொள்வதில்லை. பேசித் தீர்க்க வேண்டியதை மறுநாள் பேசிக்கொள்ளலாம்.

பதில் 3
எழுதியவர்: தெற்கு வாசல்

இடம் மாறாமல் உட்கார வைக்கும் பழக்கத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. எங்கள் வீட்டிலும் அது இருந்தது. 1948-இல் ஸ்கின்னர் என்ற உளவியல் அறிஞர், பசியோடிருந்த புறாக்களுக்கு அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறிப்பிட்ட இடைவெளியில் தானியம் கிடைக்கும்படி அமைத்தார். தானியம் வந்த கணத்தில் தற்செயலாகச் சுற்றிக்கொண்டிருந்த புறா மீண்டும் மீண்டும் சுற்றத் தொடங்கியது. தலையை உயர்த்தியிருந்த புறா திரும்பத் திரும்பத் தலையை உயர்த்தியது. கையில் எந்தக் கட்டுப்பாடும் இல்லாத இடத்தில் உயிர்கள் இப்படி ஒன்றைப் பற்றிக்கொள்கின்றன. நீங்கள் செய்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் ஒரு குழந்தைக்கு அது வேறாகத் தெரிகிறது. நான் எழுந்ததால் விக்கெட் விழுந்தது என்று என் மகள் ஒரு நாள் அழுதாள். விளையாட்டாகச் சொன்னோம் என்று நாங்கள் நினைத்திருந்ததை, அவள் தன் குற்றமாகவே சுமந்திருக்கிறாள். அன்றே அவளை உட்கார வைத்து, நாம் எங்கே உட்கார்ந்தாலும் பந்து அது போகும் வழியில்தான் போகும் என்று தெளிவாகச் சொன்னேன். அடுத்த ஆட்டத்தில் வேண்டுமென்றே எல்லோரும் இடம் மாறி உட்கார்ந்தோம். உங்கள் மகனிடமும், அதட்டியது தவறு என்று நேராகச் சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் அதைப் பெரிதாக மதிப்பார்கள்.

பதில் 4
எழுதியவர்: ஸ்கோர் புத்தகம்

அம்மா, நான் பதினெட்டு ஆண்டுகள் உள்ளூர் லீக் ஆட்டங்களில் ஸ்கோரராக, அதாவது ஓட்டக் கணக்கு எழுதுபவனாக, இருந்தவன். உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: உங்கள் மகனுக்கு ஒரு பென்சிலும் கோடு போட்ட நோட்டும் வாங்கிக் கொடுத்து, இருவரும் சேர்ந்து ஆட்டத்தைக் கையால் பதிவு செய்யுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். ஒரு ஸ்கோரர் ஒவ்வொரு பந்தையும் மூன்று இடங்களில் எழுத வேண்டும். மட்டையாளரின் வரிசையில் ஒன்று, பந்துவீச்சாளரின் ஓவர் கட்டத்தில் ஒன்று, மொத்த ஓட்டக் கணக்கில் ஒன்று. ஓட்டமில்லாத பந்துக்கு ஒரு புள்ளி. வைடுக்குக் கூட்டல் குறி, நோபாலுக்கு வட்டம், பைக்கு முக்கோணம், லெக்பைக்குத் தலைகீழ் முக்கோணம். ஓவர் முடிந்ததும் மட்டையாளர்களின் கூட்டலும் வைடு, நோபால் போன்ற உதிரிகளும் சேர்ந்து மொத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். நடுவர் கை காட்டினால், பார்த்துவிட்டோம் என்று ஸ்கோரர் பதிலுக்குக் கை உயர்த்த வேண்டும். அதுவரை நடுவர் அடுத்த பந்தை வீச விடமாட்டார். இவ்வளவையும் செய்யும் ஒருவருக்கு "இந்த விக்கெட் விழுந்துவிட்டால் என்னாகும்" என்று நினைக்க நேரமே இருக்காது. செவிலியர் அம்மா சொன்னதுபோல, உடல் ஏதாவது செய்யத் துடிக்கிறது. அதற்கு இது ஒரு வேலை. பதற்றம் என்பது பெரும்பாலும் இன்னும் வீசப்படாத பந்தைப் பற்றியது. பென்சில் வீசி முடிந்த பந்தைப் பற்றி மட்டுமே கேட்கிறது.

என் சொந்த அனுபவம் ஒன்று. என் தம்பி ஆடிய ஓர் இறுதி ஆட்டத்தில் நானே ஸ்கோரர். கடைசி ஓவரில் ஐந்து ஓட்டங்கள் வேண்டும், மட்டை அவன் கையில். பக்கத்தில் எதிரணியின் ஸ்கோரர் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு பந்துக்கும் இருவரும் எண்ணை வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டோம். ஐந்தாவது பந்தில் அவன் கேட்ச் கொடுத்து வெளியேறினான், நாங்கள் தோற்றோம். கூட்டி முடித்து, இருவரும் கையொப்பமிட்டு, புத்தகத்தை மூடிய பிறகுதான் என் கை நடுங்கத் தொடங்கியது. அந்தப் பக்கம் இன்றும் என்னிடம் இருக்கிறது. கடைசி ஓவரின் எழுத்துக்கும் முதல் ஓவரின் எழுத்துக்கும் எந்த வேறுபாடும் தெரியாது.

1999 ஜூன் 17 அன்று எட்ஜ்பாஸ்டனில் நடந்த உலகக் கோப்பை அரையிறுதியை இன்றும் பேசுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் 213-ஐத் துரத்திய தென்னாப்பிரிக்காவுக்குக் கடைசி விக்கெட் மட்டும் கையில் இருக்க, கடைசி ஓவரில் ஒன்பது ஓட்டங்கள் தேவை. குளூஸ்னர் முதல் இரண்டு பந்துகளையும் நான்குக்கு அனுப்பினார். நான்கு பந்தில் ஒரு ஓட்டம் போதும் என்ற நிலை. மூன்றாவது பந்தில் ரன் அவுட் மயிரிழையில் தப்பியது, நான்காவதில் டொனால்டு ரன் அவுட் ஆனார். 213-க்கு 213, ஆட்டம் சமன். முந்தைய சுற்றின் தரவரிசைப்படி ஆஸ்திரேலியா இறுதிக்குப் போனது. கோடிக்கணக்கானோர் மூச்சடக்கிப் பார்த்த அந்த ஓவர் ஸ்கோர் புத்தகத்தில் ஒரு சிறிய கட்டத்துக்குள் நான்கே குறிகளாக அடங்கிவிடுகிறது. அதை முதன்முதலில் எழுதிப் பார்த்தபோது எனக்கு உண்டான அமைதியை வேறெதிலும் நான் பெற்றதில்லை.

முதலில் எல்லாவற்றையும் எழுத முயல வேண்டாம். ஓவருக்கு ஒரு கட்டம், கட்டத்துக்குள் ஆறு குறிகள், அவ்வளவு போதும். ஓர் ஓவரில் ஓட்டமே வராவிட்டால், ஆறு புள்ளிகளையும் கோட்டால் இணைத்து ஆங்கில எம் எழுத்தை வரைவது மரபு. பிள்ளைகளுக்கு அது மிகவும் பிடிக்கும். எதிரணியின் பந்துவீச்சாளருக்குக்கூட அந்த எம்மை அவர்கள் ஆசையோடு வரைவார்கள்.

கேட்டவரின் மறுமொழி
எழுதியவர்: கடைசி ஓவர்

பதில் எழுதிய நால்வருக்கும் நன்றி. நேற்று எங்கள் அணியின் ஆட்டம் முடிந்தது. நடந்ததை எழுத வேண்டும் என்று தோன்றியது.

தந்தையை இரண்டு நாள்களுக்கு முன்பே மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். இசிஜி எடுத்துப் பார்த்து, ஒரு மாத்திரையின் அளவை மாற்றிக் கொடுத்தார். ஆட்டம் பார்க்கலாம், வலி வந்தால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது என்று தந்தையின் முகத்தைப் பார்த்தே சொன்னார். நான் சொன்னால் கேட்காதவர் அங்கே தலையசைத்தார்.

மகனிடம் அதட்டியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அப்போ நான் எங்க வேணா உக்காரலாமா?" என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டான். நேற்றைய ஆட்டத்தில் தாத்தாவின் நாற்காலியிலும் தரையிலும் மாறி மாறி உட்கார்ந்தான்.

வெற்றி வாய்ப்பு எண்ணைத் திரையில் மறைத்தேன், கைப்பேசியை உள்ளறையில் வைத்தேன். மூச்சுப் பயிற்சி முதல் ஆறு ஓவர்கள் வரை நன்றாக நடந்தது. அதன் பிறகு இரண்டு விக்கெட்டுகள் அடுத்தடுத்து விழ, எண்ண மறந்துபோனேன். பத்தொன்பதாவது ஓவரில் என்னையறியாமல் எழுந்து சமையலறை வாசல் வரை போய்விட்டேன். ஆனால் அங்கே நிற்க முடியவில்லை, ஏனென்றால் கூடத்திலிருந்து மகன் கத்தினான்: "அம்மா, நாலாவது பந்து என்ன? நான் பென்சில் சீவிட்டு இருந்தேன்." அவனுக்குப் பதில் சொல்ல நான் பார்த்திருக்க வேண்டும். தாத்தா "ஒன்று" என்றார். எனக்கு உறுதியில்லை. மறுகாட்சி வரும் வரை மூவரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றோம், ஒன்றுதான்.

மூன்று ஓட்டங்களில் தோற்றோம். எனக்கு இன்னும் வலிக்கிறது, இரவு ஒரு மணிக்குத்தான் தூங்கினேன். அவன் நோட்டைக் காலையில் எடுத்துப் பார்த்தேன். கூட்டலில் இரண்டு இடங்களில் பிழை. ஒரு வைடை மறந்திருக்கிறான். எங்களை வீழ்த்திய பந்துவீச்சாளர் வீசிய, ஆட்டத்தின் பதினோராவது ஓவர் கட்டத்தில் ஆறு புள்ளிகளையும் இணைத்து, பென்சிலை அழுத்தி இரண்டு முறை மேலெழுதிய ஓர் எம் இருந்தது. அடுத்த ஆட்டம் எப்போது என்று அவன் கேட்டிருக்கிறான்.

ஸ்கோரர் ஐயாவிடம் ஒரு கேள்வி: விக்கெட்டும் விழுந்து, ஓட்டமும் வராத ஓவருக்கு என்ன வரைய வேண்டும்? மகன் கேட்கச் சொன்னான்.

பதில் 5
எழுதியவர்: ஸ்கோர் புத்தகம்

அதே புள்ளிகளைத் தலைகீழாக இணைக்கச் சொல்லுங்கள், அம்மா. ஆங்கில டபிள்யூ வரும்.